ரோமாபுரியில் எத்தனை நாள்?

ரோமாபுரிக்குப் போக நினைப்பவர் யாராயினும், பிரயாணச் சீட்டு வாங்குவதற்கு முன்னால் கேட்கும் முதற் கேள்வி, அங்கே எத்தனை நாள் தங்கினால் போதும் என்பதுதான். விஷயம் தெரிந்தவர்கள் இதைக் கேட்டதும் முகத்தைச் சற்றே சுளித்துக்கொண்டு, இரண்டாயிரம் ஆண்டுச் சரித்திரத்தை மூன்று நாளில் பார்த்துவிட முடியுமா என்று திருப்பிக் கேட்பதும், இதெல்லாம் விமான யுகத்தின் அவசரம் என்று தீர்ப்புச் சொல்லிவிடுவதும் வழக்கம். ஆனால் பழைய ஏடுகளைப் புரட்டிப் பார்ப்பவர்களுக்கு, அந்த நகரத்தின் விஷயத்தில் நாள் கணக்குப் பார்க்கும் பழக்கம் விமானத்துக்கும் ரயிலுக்கும் மிக முந்தியது என்பதும், அதைத் தொடங்கியவர்கள் உல்லாசப் பிரயாணிகள் அல்லர், பாவமன்னிப்பை நாடி நடந்து வந்த யாத்திரிகர்களே என்பதும், அவர்களுக்கு நாள் குறித்துக் கொடுத்தவர் சாக்ஷாத் போப்பாண்டவரே என்பதும் விளங்காமற் போகாது.

ஸ்விட்ஸர்லாந்திலுள்ள ஐன்ஸீடெல்ன் மடத்தில் பாதுகாக்கப்பட்டுவரும், ஒன்பதாம் நூற்றாண்டளவினதாகிய தோற்சுவடி ஒன்றில், ரோமாபுரியைக் காண வருபவன் எந்தக் கோட்டை வாயிலில் நுழைந்து எந்த வாயில் வரை நடக்கலாம் என்பதற்குச் சுமார் பத்து வழிகள் குறிக்கப்பட்டிருக்கின்றன. நடப்பவனுக்கு இடப்புறம் வருபவை இவை, வலப்புறம் வருபவை இவை என்று, இடிந்த ஸ்நான மண்டபமும் தேவாலயமும் வெற்றி வளைவும் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பெயரளவில் எழுதப்பட்டிருப்பதைத் தவிர, அதில் வர்ணனை என்றோ வியப்பு என்றோ ஒரு சொல்லும் கிடையாது. இக்காலத்து வழிகாட்டிப் புத்தகங்களில் நான்கில் மூன்று பங்கு பெயரடைச் சொற்களே என்பதை நினைக்கும்போது, பெயர் தெரியாத அந்தத் துறவியின் அடக்கத்தை வணங்கத் தோன்றுகிறது. இவருக்கு மூன்று நூற்றாண்டு கழித்து, 1140-ஐ ஒட்டி எழுந்த 'ரோமாபுரியின் அதிசயங்கள்' என்ற லத்தீன் நூல் நேர்மாறானது. கண்ட கல்லுக்கெல்லாம் ஒரு கதை சொல்வது அதன் சுபாவம். வத்திக்கான் பக்கத்தில் நின்ற எகிப்தியக் கல்தூபியின் உச்சியிலிருந்த உலோக உருண்டைக்குள் ஜூலியஸ் சீசரின் அஸ்தி இருக்கிறதென்று அந்நூல் சொன்னதை, நானூறு ஆண்டுக்கு மேலாக ஐரோப்பா முழுவதும் நம்பிக்கொண்டிருந்தது.

நாள் கணக்கு என்பது சட்டமாகவே வந்து சேர்ந்தது 1300-ஆம் ஆண்டில். அந்த வருஷம் பிப்ரவரி 22 அன்று, எட்டாம் போனிபேஸ் என்னும் போப்பாண்டவர், ரோமாபுரியிலுள்ள இராயப்பர் ஆலயத்தையும் சின்னப்பர் ஆலயத்தையும் தரிசித்துப் பாவசங்கீர்த்தனம் செய்தவர்களுக்குப் பரிபூரண பலன் உண்டென்று ஒரு சாசனம் பிறப்பித்தார். அதிலே, உள்ளூர்வாசிகள் 30 நாளும் வெளியூரிலிருந்து வருபவர்கள் 15 நாளும் தரிசனம் செய்ய வேண்டும் என்று விதித்தார். வீட்டிலே உண்டு உறங்குகிறவனுக்கு இரட்டைப் பங்கும், சத்திரத்துக்குக் கூலி கொடுத்துத் தங்குகிறவனுக்குப் பாதியும் என்று வகுத்த இந்த ஏற்பாட்டில், தெய்வ காரியத்தோடு கொஞ்சம் லோக ஞானமும் கலந்திருப்பதைக் காணலாம். சாசனத்தின் பலனோ, அதை எழுதியவரே எதிர்பார்த்திராத அளவுக்குப் பெருகிற்று. புளோரன்ஸ் நகரத்து வில்லானி என்ற சரித்திரக்காரர், அந்த ஆண்டு முழுவதும் உள்ளூர் ஜனங்களைத் தவிர 2,00,000 யாத்திரிகர்கள் எந்நேரமும் ரோமாபுரியில் இருந்துகொண்டே இருந்தார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார். இதைச் சற்றுக் குறைத்தே எடுத்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் அக்காலத்துச் சரித்திரக்காரர்கள் பூஜ்யங்களை வாரி வழங்குவதில் கர்ணர்கள். ஆஸ்தி என்ற ஊரிலிருந்து வந்த வெந்தூரா என்பவர் தம் கண்ணால் கண்டதாகச் சொல்வது இன்னும் சுவையானது: சின்னப்பர் ஆலயத்துப் பீடத்தின் பக்கத்தில், இரவும் பகலும், இரண்டு குருமார்கள் கையில் வாருகோலை வைத்துக்கொண்டு, விழுந்து குவியும் காசை வாரிக்கொண்டே இருந்தார்களாம்.

இந்தத் திரள் முழுவதும் தைபர் நதியைத் தாண்டி இராயப்பர் ஆலயத்துக்குப் போய்வர இருந்த முக்கிய வழி ஒரே பாலம். ஏட்ரியன் சக்கரவர்த்தி தம் கல்லறை மாளிகைக்குப் போவதற்காக 134-ஆம் ஆண்டில் கட்டி முடித்த அந்தப் பாலத்தில், போகிறவர்கள் ஒரு பக்கமும் வருகிறவர்கள் மறுபக்கமுமாகப் பிரித்து விடப்பட்டார்கள் என்பது, தாந்தே தம் நரக காண்டத்தின் பதினெட்டாம் சருக்கத்தில், இரு வரிசையாக எதிரெதிரே நடத்தப்படும் பாவிகளுக்கு இதையே உவமையாகக் காட்டியிருப்பதால் நமக்குத் தெரியவருகிறது. சாலை விதிகளுக்குக் காவியத்தில் இடம் கிடைத்தது உலகத்தில் வேறெங்கேனும் உண்டோ, அறியேன்.

நூறு ஆண்டுக்கு ஒருமுறை என்றிருந்த, யூபிலி எனப்படும் இந்தப் பாவமன்னிப்பு ஆண்டு, மனித ஆயுள் குறுகியது என்ற காரணம் காட்டி ஐம்பதாகவும், பிறகு கிறிஸ்துநாதரின் வயதைக் கணக்கிட்டு முப்பத்து மூன்றாகவும், இறுதியில் 1470-ல் இரண்டாம் பவுல் போப்பாண்டவரின் கட்டளையால் இருபத்தைந்தாகவும் குறுகியது. ஆண்டுகள் குறுகியதைப் போலவே நாட்களும் குறுகின. 1450-ல் கூட்டம் தாங்காமல், உணவும் படுக்கையும் கிடைக்காமல் போனபோது, பலன் பெறத் தங்க வேண்டிய நாட்களை ஐந்தாம் நிக்கோலாஸ் போப்பாண்டவரே குறைத்துவிட்டார். அந்த ஆண்டு வந்த ஜோவன்னி ருச்செல்லாய் என்ற புளோரன்ஸ் வணிகர் தம் குறிப்பேட்டில் எழுதி வைத்த தினசரி ஏற்பாட்டை, இன்றைக்கும் ஒருவர் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: காலையில் குதிரையேறி நான்கு பெரிய ஆலயங்களின் தரிசனம், உண்டபின் மறுபடியும் குதிரையேறிப் புராதனச் சுவர்களையும் வளைவுகளையும் தேடிச் சுற்றுவது, இரவு தங்குமிடம் திரும்பிக் கண்டதையெல்லாம் எழுதி வைப்பது. வணிகர் அல்லவா, சத்திரங்களையும் எண்ணிவிட்டார். பெயர்ப்பலகை தொங்கவிட்டவை 1,022 என்றும், பலகை இல்லாதவை அதற்கு மேலும் எத்தனையோ என்றும் குறித்திருக்கிறார்.

அதே ஆண்டு டிசம்பர் 19 அன்று, இராயப்பர் ஆலயத்திலிருந்து திரும்பிய கூட்டம் ஏட்ரியன் பாலத்தின்மேல் வந்துகொண்டிருந்தபோது, எதிரே வந்த ஒரு கோவேறு கழுதை மிரண்டதால் நெரிசல் உண்டாகி, மிதிபட்டும் ஆற்றில் விழுந்தும் சுமார் 200 பேர் இறந்தனர். பாலத்தின்மேல் இருந்த கடைகளும், அதன் முகப்பை அடைத்துக்கொண்டிருந்த வீடுகளும் இடிக்கப்பட்டன. இறந்தவர்களுக்காகப் பாலத்தின் தலைப்பில் இரண்டு சிறு ஆலயங்கள் எழுந்தன. அடுத்த யூபிலியாகிய 1475-ஐ முன்னிட்டு நான்காம் சிக்ஸ்துஸ் இரண்டாவது பாலம் ஒன்றைக் கட்டினார். 1500-ஐ முன்னிட்டு ஆறாம் அலெக்ஸாண்டர் இராயப்பர் ஆலயத்துக்கு நேர்ச்சாலை ஒன்றை வெட்டினார். இவ்வாறாக, ரோமாபுரியின் வீதிகளிற் பல, அங்கே வாழ்ந்தவர்களின் சௌகரியத்தை உத்தேசித்துப் போடப்பட்டவை அல்ல. சில நாள் வந்து போகிறவர்கள் மிதிபட்டுச் சாகாமல் இருப்பதற்காகப் போடப்பட்டவை. நகரத்தின் உருவத்தையே மாற்றியவர்கள் இந்த அற்பகால விருந்தினர்கள்தாம் என்பதே என் கட்சி.

யாத்திரிகர்களால் பிழைத்தவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. காம்போ தே பியோரி என்ற சந்தைத் திடலை ஒட்டிய சந்தில், பழைய வீடொன்றின் சுவரிலே பதித்த கற்கேடயம் ஒன்றை இன்றும் காணலாம். அது 'பசு' என்ற பெயருடைய சத்திரத்தின் அடையாளம். அதன் சொந்தக்காரி வன்னோத்ஸா என்ற மாது, மேலே சொன்ன அலெக்ஸாண்டர் போப்பாண்டவருடைய மக்கள் நால்வருக்குத் தாய். கேடயத்தில் தம் கணவருடைய குலச் சின்னத்தோடு போப்பாண்டவருடைய குலச் சின்னத்தையும் கூச்சமின்றிச் சேர்த்து வைத்திருக்கிறார் அந்த அம்மாள். சாலை வெட்டியவர் ஒருவர், சத்திரம் நடத்தியவர் மற்றொருவர் என்று குடும்பம் முழுவதும் யாத்திரிகர் சேவையில் ஈடுபட்டிருந்தது என்று கொள்ளலாம்.

பதினாறாம் நூற்றாண்டின் நடுவில், பிலிப் நேரி என்ற பரமசாது, ஏழு பெரிய ஆலயங்களையும் ஒருங்கே நடந்து தரிசிக்கும் பழைய வழக்கத்துக்குப் புத்துயிர் கொடுத்தார். கும்பகோணத்திலிருந்து வண்டி வைத்துக்கொண்டு நவக்கிரக ஸ்தலங்கள் ஒன்பதையும் ஒரே நாளில் பார்த்துத் திரும்புகிற நம்மவர்களுக்கு இதன் ருசி நன்றாகவே தெரியும். ஆனால் நேரியின் கூட்டம் நடந்தது ஏறத்தாழ 20 கிலோமீட்டர், அதுவும் கால்நடையாக, அதுவும் ஊரெல்லாம் கார்னிவல் கூத்தில் மூழ்கிக் கிடந்த வாரத்தில். இராயப்பர், சின்னப்பர், செபஸ்தியார், அருளப்பர், திருச்சிலுவை, லோரன்ஸ், பெரிய மரியன்னை என்று நீண்ட அந்த வழியின் நடுவே, செலியன் குன்றில் மத்தேயி குடும்பத்தாருடைய தோட்டம் வரும், அங்கே அனைவரும் புல்தரையில் உட்கார, ஆளுக்கு ஒரு ரொட்டி, கொஞ்சம் திராட்சைமது, ஒரு முட்டை, ஒரு துண்டுப் பாலாடைக்கட்டி, ஒரு பழம் என்று பரிமாறப்படும், பாடகர்கள் பாடுவார்கள், பிறகு எழுந்து நடப்பார்கள். தொடக்கத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் போன இந்த நடை, சில ஆண்டுகளில் ஆயிரக்கணக்கானவர்களை இழுத்தது. பக்தி பாதி, வனபோஜனம் பாதி என்று யாரேனும் குறை சொன்னால், அந்த இரண்டாவது பாதியை நான் குறையாகக் கருதமாட்டேன்.

இந்த நடைக்கு ஏற்றபடி நகரத்தையே திருத்தி எழுதியவர் ஐந்தாம் சிக்ஸ்துஸ். 1585 முதல் 1590 வரை ஐந்தே ஆண்டுகள் ஆசனத்தில் இருந்த இந்தப் போப்பாண்டவர், தமக்கு நாள் அதிகமில்லை என்பதை அறிந்தவர்போல, தொமெனிகோ பொந்தானா என்ற சிற்பியைத் துணைக்கொண்டு, ஆலயத்துக்கு ஆலயம் நேர்கோடு பிடித்து, குன்றென்றும் பள்ளமென்றும் பாராமல் சாலைகள் போட்டார். திருச்சிலுவை ஆலயத்திலிருந்து பெரிய மரியன்னை ஆலயம் வழியாகப் பிஞ்சியன் குன்றின் மேலுள்ள மும்மூர்த்தி... அதாவது திரியேக ஆலயத்தை நோக்கிச் சென்ற நீண்ட சாலைக்குத் தம் ஞானஸ்நானப் பெயரால் 'பெலிச்சே சாலை' என்று பெயரும் வைத்தார். செபஸ்தியார் ஆலயம் ஊருக்கு வெளியே வெகுதூரத்தில் இருக்கிறதென்று, ஏழு ஆலய வரிசையிலிருந்து அதை நீக்கி, வடக்கு வாயிலை ஒட்டிய மக்கள் சதுக்கத்து மரியன்னை ஆலயத்தைச் சேர்க்கவும் 1586-ல் உத்தரவிட்டார். வழியை நேராக்கியது போதாதென்று யாத்திரையையே சுருக்கப் பார்த்த இந்த முயற்சி மட்டும் நிலைக்கவில்லை, ஜனங்கள் பழைய வரிசைக்கே திரும்பிவிட்டார்கள்.

சாலையின் முடிவு தூரத்திலிருந்தே தெரிய வேண்டும் என்பதற்காக, ஆங்காங்கே சாய்ந்தும் புதைந்தும் கிடந்த எகிப்தியக் கல்தூபிகளை எடுத்து நிறுத்தியதுதான் அவர் செய்தவற்றில் மிகப் பிரசித்தமானது. முதலாவது, வத்திக்கான் தூபி. கலிகுலா சக்கரவர்த்தி எகிப்திலிருந்து கொண்டுவந்தது. உயரம் 25 மீட்டர், எடை 300 டன்னுக்கு மேல். இராயப்பர் ஆலயத்தின் பக்கவாட்டில் நின்றதைப் படுக்கவைத்து, உருட்டி, முன்புறத்துக்குக் கொண்டுவந்து, 1586 செப்டம்பர் 10 அன்று சுமார் 800 ஆட்களும் 140 குதிரைகளும் 40 சுழலுருளைகளும் கொண்டு நிமிர்த்தினார்கள். வேலை நடக்கும்போது யாரும் வாய் திறக்கக் கூடாதென்று கடுமையான கட்டளை. கயிறுகள் உராய்ந்து சூடேறுவதைக் கண்ட ஒரு கப்பற்காரன் கட்டளையை மீறி, கயிற்றுக்குத் தண்ணீர் ஊற்றுங்கள் என்று கத்தியதாகவும், தண்டனைக்குப் பதில் வெகுமதி பெற்றதாகவும் ஒரு கர்ண பரம்பரைக் கதை உண்டு. நம்புவதும் நம்பாததும் அவரவர் இஷ்டம். உச்சியிலிருந்த உருண்டையைப் பொந்தானா கழற்றிப் பார்த்தபோது, சீசரின் அஸ்தி அதில் இல்லை. அடுத்த மூன்று ஆண்டுகளில் பெரிய மரியன்னை ஆலயத்தின் பின்புறமும், அருளப்பர் ஆலயத்தின் பக்கத்திலும், வடக்கு வாயிலின் உட்புறச் சதுக்கத்திலும் ஒவ்வொன்றாக மூன்று தூபிகள் எழுந்தன.

இதற்கு விலை இல்லாமற் போகவில்லை. பாலத்தைன் குன்றின் அடியில் அடுக்கடுக்காக நின்ற செப்திசோதியம் என்ற பழைய ரோமானிய முகப்பை, கல்லுக்காக இடித்துத் தள்ளியவரும் இவரே. கொலோசியத்தைக் கம்பளி நெய்யும் ஆலையாக்க வேண்டும் என்று திட்டம் வைத்திருந்தவரும் இவரே. மரணம் வந்து அந்தத் திட்டத்தைத் தடுத்தது.

பின்னால் வந்தவர்களைப் பற்றி விரைவாகவே சொல்லிவிடலாம். பதினெட்டாம் நூற்றாண்டில் யாத்திரிகன் போய்க் கனவான் வந்தான்; ஜுஸெப்பே வாஸி என்ற செப்புத்தகட்டு ஓவியர் 1763-ல் நகரத்தை எட்டு நாள் நடையாகப் பிரித்து ஒரு வழிகாட்டி நூல் வெளியிட்டார். டாக்டர் ஜான் மூர் என்ற ஸ்காட்லாந்துக்காரர், தகுந்த பண்டிதரை வைத்துக்கொண்டு நாளைக்கு மூன்று மணி வீதம் ஆறு வாரம் பார்ப்பதே முறை என்று சொல்லிவிட்டு, கூட வந்த ஆங்கில இளைஞன் ஒருவனைப் பற்றி எழுதுகிறார்: அவன் இந்தப் பாடத்தில் சலித்துப்போய், நான்கு குதிரை பூட்டிய வண்டியை விடியற்காலையில் வரவழைத்து, ஆலயம், அரண்மனை, இடிபாடு அனைத்தையும் இரண்டே நாளில் பார்த்து முடித்தானாம், அவன் வைத்திருந்த ஜாபிதாவோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, ஆறு வாரக்காரர்கள் பார்த்ததில் ஒரு படமோ, மூக்கறுந்த ஒரு சிலையோ அவன் விட்டிருக்கவில்லையாம். 1864-ல் தாமஸ் குக் இத்தாலிக்கு முதற் கூட்டத்தை அழைத்து வந்தபோது, கனவான்கள் பத்திரிகைகளில் அவர்களை ஏளனம் செய்தார்கள். ஏளனம் செய்யப்பட்ட அந்த அவசரத்துக்கு மூல புருஷன் தங்களுக்குள்ளேயே நூறு வருஷத்துக்கு முன் வண்டியோட்டியவன் என்பதை மறந்துவிட்டார்கள்.

1870-ல் இத்தாலியப் படை நுழைந்து, மறு ஆண்டு ரோமாபுரி ராஜதானியானபின், காண்பவர்களுக்காகச் சாலை வெட்டும் பழக்கம் அரசாங்கத்தையும் தொற்றிக்கொண்டது. முசோலினி 1932-ல் கொலோசியத்துக்கு நேராக அகன்ற வீதி ஒன்றைத் திறந்து வைத்தார்; பார்க்கவேண்டிய பழைய மன்றங்களின் பெரும் பகுதி அந்த வீதியின் அடியிலேயே புதைந்துபோயிற்று. 1936-ல் தொடங்கி, 1950-ஆம் ஆண்டு யூபிலிக்குள் முடிக்கப்பட்ட வத்திக்கான் நேர்வீதிக்காக ஒரு பேட்டையே தரைமட்டமாக்கப்பட்டது. முன்பெல்லாம் இருண்ட சந்துகளுக்குள் நடந்து வந்தவன், பெர்னினியின் பிரமாண்டமான தூண்வட்டத்துக்குள் திடீரென்று காலெடுத்து வைப்பான்; இப்போது அரை மைலுக்கு அப்பாலிருந்தே எல்லாம் தெரிந்துவிடுகிறது. ஐந்தாம் சிக்ஸ்துஸின் நேர்கோடும் இதுவும் ஒன்றல்ல: அவர் கோடு போட்டது பெரும்பாலும் வெற்றுக் குன்றுகளின் மேல், இவர்கள் போட்டது குடியிருந்த ஊரின் மேல். 2025-ஆம் ஆண்டு யூபிலிக்காக, ஏட்ரியனின் கல்லறைக் கோட்டைக்கும் இந்த வத்திக்கான் வீதிக்கும் இடையே ஓடிய வாகனங்களைச் சுரங்கத்துக்குள் அனுப்பிவிட்டு, மேலே நடப்பவர்களுக்கு ஒரு சதுக்கம் அமைத்திருப்பது மட்டும் நல்ல காரியம்.

ஆகவே, மூன்று நாள் மட்டும் கையில் உள்ளவர் வெட்கப்படக் காரணமில்லை. ஜாபிதாவைப் பூர்த்தி செய்யப் புறப்பட்டால்தான் கெடுதல். முதல் நாள் காலை, ரயில் நிலையத்தை மறந்துவிட்டு, வடநாட்டார் அனைவரும் நுழைந்த மக்கள் சதுக்கத்து வாயிலில் தொடங்கி, அங்கிருந்து திரியேக ஆலயத்துக்கு ஏறி, பெலிச்சே சாலையிலேயே மேடும் பள்ளமுமாகப் பெரிய மரியன்னை ஆலயம் வரை நடந்துவிடுங்கள். சாலை இப்போது மூன்று நான்கு பெயர்களாகத் துண்டுபட்டிருந்தாலும் கோடு மாறவில்லை. நடுவில் நான்கு நீரூற்றுகள் உள்ள நாற்சந்தியில் நின்று நான்கு திசையும் பார்த்தால், மூன்றில் கல்தூபியும் நான்காவதில் கோட்டை வாயிலும் தெரியும். பெரிய மரியன்னை ஆலயத்திலிருந்து அருளப்பர் ஆலயம் ஒரே நேர்வழி. இரண்டாம் நாளை ஏட்ரியன் பாலத்துக்கும் இராயப்பர் ஆலயத்துக்கும், ஜெபமாலை விற்றவர்களால் பெயர் பெற்ற கொரொனாரி வீதிக்கும் கொடுங்கள். காலை ஏழு மணிக்கே ஆலயம் திறந்துவிடும், கூட்டம் பிறகுதான் வரும். மூன்றாம் நாள் பழைய மன்றமும் கொலோசியமும், சாயங்காலம் காம்போ தே பியோரியும். வத்திக்கான் அருங்காட்சியகத்தை இந்த முறை விட்டுவிடலாம் என்பதே என் அபிப்பிராயம். அதற்குத் தனியே ஒரு நாள் வேண்டும், அரை நாளில் அதைப் பார்ப்பது சிஸ்தின் ஆலயத்தின் கூரைக்குச் செய்யும் அவமரியாதை. விட மனமில்லாதவர்கள், மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிற்றுக்கிழமைகளில் அது மூடியிருக்கும் என்பதைக் கவனித்துக்கொண்டு நாள் குறியுங்கள். பல சிறு ஆலயங்கள் மத்தியான்னத்தில் இரண்டு மூன்று மணி நேரம் பூட்டப்படும் என்பதையும், தெருவெங்கும் உள்ள இரும்புக் குழாயடிகளில் ஓயாமல் ஓடும் தண்ணீர் குடிக்க நல்லது என்பதையும், கருங்கல் பாவிய அந்த வீதிகளில் மெல்லிய அடி கொண்ட செருப்பு உதவாது என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.